மாமனாரின் இரும்பு மூக்கு

ஆடிப்பூரத் தேர் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. வீதி கொள்ளாத கூட்டம். நான் ஒரு மாடி ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரைக்கும் தொங்கிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய மனிதரின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூக்கு இரும்பில் செய்தது. அதன் அசல் சொந்தக்காரர் மீசையும் தலைப்பாகையுமாகக் கீழே வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். அவர் எனக்கு மாமனாராக வருவதா இல்லையா என்பது அன்று பொழுது சாய்வதற்குள் முடிவாக வேண்டும்.

“ஏ தாயி, விட்ராத! பெரியவர் மூக்கை இறுக்கிப் பிடி!” என்று கீழேயிருந்து எவனோ கத்தினான். வடம் பிடித்தவர்களெல்லாம் வடத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். தேர் நகராததற்கு நானும் ஒரு காரணம் என்று பிற்பாடு சொன்னார்கள். அது அபாண்டம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு, ‘ஒரு குடும்பப் பெண் இப்படியா எழுதுவது?’ என்று ஒருவர் பத்திரிகைக்குக் கார்டு போட்டிருக்கிறாராம். அந்தப் புண்ணியவான் இந்த வாரத்தைப் படிக்காமல் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவது அவர் உடம்புக்கு நல்லது.

ஆடியில் பெண் பார்க்கக் கூடாது, தேர் பார்க்கலாம்

நான் ராஜபாளையத்துப் பெண். சீமையில் மகாராணி செத்துப்போய்விட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்களே, அந்தக் காலம். அதற்கு ஒரு வருஷம் முன்னே இருக்கலாம், பின்னே இருக்கலாம். எனக்கு வருஷக் கணக்கு எப்போதும் உதைக்கும்.

அப்பா நான் தவழும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களுக்கு ஆண் துணை என்று இருந்தவர் அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் ஊரில் அவருக்குப் பட்டாளத்தார் என்றே பெயர். எங்கள் பக்கத்தில் அக்காள் மகள் என்றால் தாய்மாமன் வீட்டுத் தொழுவில் கட்டிய கன்று மாதிரி. அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வேறு ஒருவன் அவிழ்க்கலாம்.

பட்டாளத்தாரின் முதல் பெண்டாட்டி செத்து அப்போது வருஷம் திரும்பியிருந்தது. காய்ச்சலில் செத்தாள் என்றார்கள். அவளைக் குளிப்பாட்டிய பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. காய்ச்சலுக்கு முதுகில் வரிவரியாகத் தடிப்பு வருமா என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. தம்பி அல்லவா.

ஆனால் எனக்குத் தெரியும். அவர் எங்கள் வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே நான் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பருத்தியை வாங்குகிற வியாபாரி வீட்டிலிருந்து அவர் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் விட்டார்கள். பட்டாளத்தார் மீசையைத் தடவிக்கொண்டு அம்மாவிடம் சொன்னது, உளுந்து புடைத்துக்கொண்டிருந்த என் காதில் நன்றாக விழுந்தது.

“அக்கா, நல்ல எடம்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா சகுனம் பாக்கணும். போற எடத்துல ஒரே ஒரு தடங்கல் வந்துச்சுன்னாலும் பேச்சை விட்ரு. ஆவணில நானே கட்டிக்கிடுதேன்.”

“சரி தம்பி” என்றாள் அம்மா.

ஆடி மாதம் பெண் பார்க்கக் கூடாது. ஆனால் தேர் பார்க்கலாம். யாராவது தேர் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண்ணும் இருந்து, அந்தப் பெண்ணை நாலு பேர் பார்த்துவிட்டால் அதற்கு ஆடி என்ன செய்யும்? நம் ஆட்களுக்குச் சாஸ்திரமும் வேண்டும், சாஸ்திரத்தில் ஓட்டையும் வேண்டும். ஆடிப்பூரத் தேர் பார்க்க வரும்படி அழைப்பு வந்தது. வண்டி கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பினோம்.

வழி நெடுகப் பட்டாளத்தார் வண்டிக்கு வெளியே தலையை நீட்டிப் பூனையைத் தேடிக்கொண்டே வந்தார். விறகுக்கட்டு எதிரே வருகிறதா, எண்ணெய்க் குடம் வருகிறதா என்று அவர் கண் அலைந்தது. நான் உள்ளே உட்கார்ந்து, ‘தாயே ஆண்டாளே, இந்தச் சாலையில் இருக்கிற பூனைகளையெல்லாம் செத்த நேரம் எங்கேயாவது கட்டிப்போடு’ என்று வேண்டிக்கொண்டேன். கட்டிப்போட்டாள். ஒரு பூனையும் வரவில்லை. பட்டாளத்தாருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

துரைசானியின் தலை

இனி மூக்குக்கு வருகிறேன்.

என் மாமனார் தேர் ஓடும் வீதியில் புதிதாக ஒரு மாடி வீடு கட்டினார். அந்த வீட்டுக்கு மரம் பேச மலையடிவாரத்துக் காபித் தோட்டத்துக்குப் போனவர், அங்கே துரையின் பங்களா ஜன்னலைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டார். நம் வீட்டு ஜன்னலில் கம்பி உண்டு, கதவு உள்பக்கம் திறக்கும். அந்த ஜன்னலில் கம்பி இல்லை. மரக்கதவு இரண்டும் வெளிப்பக்கமாக முழுக்கத் திறந்து, சுவரோடு சுவராகப் படிந்து நின்றன. எம்புட்டுக் காற்று அடித்தும் அசையவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தார். கதவின் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில், சுவரில் அடித்த முளையில் ஒரு சாண் இரும்பு சுழன்றது. மேல்முனையில் குல்லாய் போட்ட ஒரு பெண்ணின் தலை. கீழ்முனையில் கனமான வால். தலை நிமிர்ந்து நின்றால் கதவை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கையால் தலையைக் கீழே கவிழ்த்தால் கதவு விடுபடும், இழுத்து அடைத்துக்கொள்ளலாம்.

“இது யாருப்பா?” என்று பங்களாச் சமையல்காரனிடம் கேட்டிருக்கிறார்.

“எங்க துரைசானிம்மா” என்று அவன் கூசாமல் சொல்லியிருக்கிறான்.

அவ்வளவுதான். வீட்டுக்கு உடையவர் தலையைத்தான் ஜன்னலில் வைக்க வேண்டும், அதுதான் வெள்ளைக்காரன் வழக்கம் என்று என் மாமனார் முடிவுகட்டிவிட்டார். பல வருஷம் கழித்துத் தூத்துக்குடியில் வேறு ஒரு பங்களாவில் அதே குல்லாய்க்காரியின் தலையை நான் பார்த்தேன். கப்பலில் வந்து கடையில் விற்கிற சாமான் அது. மாமனாரிடம் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாவம், எவ்வளவு ஆசையாகச் செய்துவைத்த தலை.

ஆசாரியின் கைவரிசை

மாடசாமி ஆசாரி ஏர்க்கொழுவும் வண்டிப் பட்டையும் அடிப்பதில் சூரன். மனித முகத்தை இரும்பில் அடித்ததில்லை. இல்லை என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை.

“மொதலாளி மொகத்தை வெளக்கெண்ணெ வெளக்குல பாத்தாலும் அடிச்சிருவேன்” என்றாராம்.

மாமனார் தினமும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பட்டறை வாசலில் பக்கவாட்டாக முகத்தைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். துருத்தி ஊதும் புகையில் கண் எரியும். எழுந்திருக்க மாட்டார். முதலில் வெறும் தலை. அப்புறம் மீசை வேண்டும் என்றார். மீசை வந்தது. கடுக்கன் இல்லாமல் என்ன முகம் என்றார். அதுவும் வந்தது. கடைசியில் தலைப்பாகை. தலைப்பாகை சுற்றுக்கு இரும்பு போதாமல் ஆசாரி வாலைக் குட்டையாக வெட்டி, வெட்டியதை மேலே சேர்த்துவிட்டார். “வால் என்னத்துக்கு மொதலாளி, மாட்டுக்கா?” என்பது அவர் சொன்ன நியாயம்.

இரும்புக் கடை ராவுத்தர் என் மாமனாருக்குப் பால்யத்திலிருந்து சிநேகிதர். “என்ன மாப்ள, ஜன்னலுக்குக் கொண்டி வாங்குறியா, கோட்டைக்குப் பீரங்கி வாங்குறியா?” என்று கேலி செய்தாராம். மாமனார் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இரண்டு கதவுக்கும் இரண்டு தலை வேண்டும். ஒன்றை முடிப்பதற்குள்ளேயே ஆசாரிக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. அதனால் இடதுபக்கக் கதவுக்குச் சாதாரணக் கொக்கியும் வளையமும் மாட்டிவிட்டார்கள். அந்தக் கொக்கி இன்று வரைக்கும் ஒரு நாள்கூட யாரையும் தொந்தரவு செய்ததில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரியும் இல்லை.

வலதுபக்கத்துத் தலையில் மீசை கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தது. கண் ஒன்று மேலே, ஒன்று கீழே. மூக்கு மட்டும் அச்சு அசல். அந்த வீட்டு ஆண்களுக்கு வாய்த்த மூக்கு அது, முன்னால் போய் வழி கேட்டுவிட்டு வரும்.

கிரகப்பிரவேசம் தை மாதத்தில் நடந்தது. தையில் ஏது காற்று? அப்புறம் மாடியறையில் பருத்தி மூட்டைகளை அடுக்கி ஜன்னலை அடைத்துவிட்டார்கள். தலை மாதக்கணக்காகத் தலைகீழாகவே தொங்கியது. தேருக்காகத்தான் மூட்டைகளை ஒதுக்கி, முதல் நாள் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து தலையை நிமிர்த்தினார்கள். அந்த வீட்டுக்கு அதுதான் முதல் ஆடி.

காற்று

எங்கள் பக்கத்து ஆடிக் காற்றை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. மலையில் மழை கொட்டும். எங்களுக்குச் சாரலும் காற்றும்தான் மிச்சம். கொடியில் காயும் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் வேறு ஒருவனுக்குக் கட்டிவிடும்.

மாடியறையில் நாங்கள் பெண்களாக உட்கார்ந்திருந்தோம். நான் தலையைக் குனிந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, வேறு யாரோ ஒரு பெண் மாதிரி இருந்தேன். எனக்கு மாமியாராக வரவேண்டியவள் என் பக்கத்தில் அமர்ந்து என் கையைப் புரட்டிப் பார்த்தாள்.

“பருத்தி எடுத்த கையி. காப்பு காச்சிருக்கு” என்றாள்.

“ஆமா அத்தை” என்றேன்.

“நல்லது. பூப்போல கை இருந்தா இந்த வீட்டுல ஒண்ணும் ஆகாது.”

எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

வெளியே கொட்டுச் சத்தம் நெருங்கியது. அந்த வீதியில் ஒரு கட்டு உண்டு. தேர் தெருவில் இருக்கும் வரைக்கும் எந்த வீட்டு ஜன்னலும் அடைத்திருக்கக் கூடாது. மாடி ஜன்னல் என்றால் இன்னும் விசேஷம், தேரில் உட்கார்ந்திருக்கும் ஆண்டாளுக்கு நேர் எதிரே நம் முகம் இருக்கும். அந்த நேரத்தில் ஜன்னல் அடைத்தால், வீட்டுக்கு வந்த மகாலட்சுமியை முகத்தில் அறைந்து அனுப்பியது மாதிரி. அப்படிப்பட்ட வீட்டில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

பட்டாளத்தாருக்கு இது தெரியும். கீழே வாசலில் மாமனாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் தேரைப் பார்க்கவில்லை. ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்த தலை குனிந்தபடி நானும் ஓரக்கண்ணால் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடிக்கும்போதெல்லாம் வலதுபக்கக் கதவு நடுங்கியது. கதவு நடுங்க நடுங்க, அதைப் பிடித்திருந்த இரும்புத் தலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. யாரோ கூப்பிட்டு மெல்லத் திரும்பிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தில் வால்பக்கம் கல் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். தலை கனத்துக் கீழே போகும், வால் மேலே வரும்.

தேர் முனை திரும்பிவிட்டது. குடையும் தேரைச் சுற்றித் தொங்கும் துணித் தொம்பைகளும் தெரிந்தன. ஒரு பெரிய காற்று வந்தது. மாமனாரின் தலை பொசுக்கென்று கவிழ்ந்தது. கதவு சுவரை விட்டுக் கிளம்பியது.

மூக்கைப் பிடித்தேன்

எப்படி எழுந்தேன், எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அடைக்க வந்த கதவை ஒரு கையால் தள்ளிச் சுவரோடு சேர்த்தேன். இடுப்புக்கு மேலே வெளியே தொங்கி, இன்னொரு கையால் இரும்புத் தலையை நிமிர்த்தி, பிடிக்க வாகாக எது நீட்டிக்கொண்டிருந்ததோ அதைப் பிடித்துக்கொண்டேன். மூக்குதான் நீட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் அம்மா, “ஏட்டி ஆவுடை!” என்று அலறினாள்.

மாமியாராக வரவேண்டியவள் என் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “விழ மாட்ட, நான் பிடிச்சிருக்கேன். நீ அங்க பிடி” என்றாள்.

தேர் ஆடி ஆடி வந்தது. ஆண்டாள் முகம் எனக்கு நேரே வந்தது. என் கை ஒழியவில்லை, கும்பிட முடியவில்லை. ‘கும்பிடவில்லை என்று கோபிக்காதே தாயே, கொஞ்சம் சீக்கிரம் கடந்து போய்விடு’ என்று மனசுக்குள் சொன்னேன். காலையில் பூனைகளைக் கட்டிப்போட்ட மகராசி, இப்போது சட்டென்று நின்றுவிட்டாள்.

சக்கரம் எதிலோ பதிந்துவிட்டதாம். அந்தக் காலத்தில் தேர் நகர்ந்தால்தான் நகர்ந்தது என்று அர்த்தம். நின்றால் இன்றைக்கா நாளைக்கா என்று யாருக்கும் தெரியாது. பின்னாலிருந்து மரம் போட்டு நெம்பினார்கள். வடத்தை இழுத்தார்கள். மூச்சு வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“எலே, அது மாடி வீட்டுக்காரர் மூஞ்சில்லா?”

“மூக்கைப் பாரு, அவிய மூக்கேதான்!”

“மருமக வரதுக்கு முன்னாடியே மாமனார் மூக்கைப் பிடிச்சிட்டாளே!”

சிரிப்பு வீதியின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதினால் கார்டு போட்டவர் நேரிலேயே வந்துவிடுவார்.

கீழே மாமனார் சந்தனக் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்ததைப் பார்த்தேன். அவர் உள்ளே திரும்பினார். அவருக்கு முன்னால் பட்டாளத்தார் திரும்பிவிட்டார். இரண்டு பேரும் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் காலடியில் ஒன்று எனக்குத் தெரிந்த காலடி.

கதவு அடைத்ததா

“கையை எடுடி!” என்றார் பட்டாளத்தார்.

நான் எடுக்கவில்லை.

“ஊரு சிரிக்குது. பொட்டப்புள்ள இப்படித் தொங்குனா குடும்பத்துக்கு என்ன மரியாதி? கையை எடுத்துட்டு உள்ள வா. அக்கா, பாத்துக்கிட்டியா? ஆத்தா தேரு வரும்போது சன்னல் அடைக்குது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? வண்டியைக் கட்டச் சொல்லுதேன்.”

கையை எடுத்தால் கதவு ஆண்டாள் முகத்தில் அடிக்கும். அப்புறம் எனக்கு ஆவணியில் பட்டாளத்தார் வீடுதான். எடுக்காவிட்டால் அடங்காத பெண் என்று இந்த வீட்டுக்காரர்களே வேண்டாம் என்பார்கள். அப்போதும் ஆவணிதான். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நான் கையெடுத்தா கதவு அடிச்சிரும் மாமா. எடுக்க மாட்டேன்.”

பிறந்ததிலிருந்து அவருக்கு நான் சொன்ன முதல் ‘மாட்டேன்’ அது.

அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அதற்குள் என் பக்கத்தில் வேறு ஒரு பாரம் வந்து ஜன்னல் கட்டையில் சாய்ந்தது. தலைப்பாகை என் காதில் உரசியது. மாமனாராக வரவேண்டியவர் வெளியே எட்டித் தன் தலையைப் பார்த்தார். நிமிர்ந்திருந்த தலைப்பாகையைப் பார்த்தார். வெட்டுப்பட்ட வாலைப் பார்த்தார். கீழே தன்னைப் பார்த்துச் சிரிக்கிற ஊரையும் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கு அந்த நிலையிலும் அவர் மேல் இரக்கமாக இருந்தது.

பிறகு சந்தனம் காய்ந்த கையை நீட்டி, என் விரல்களுக்கு மேலேயே தன் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“நீ கையெடு தாயி. என் மூக்கு, நான் பிடிச்சிக்கிடுதேன்.”

 கீழே எழுந்த சிரிப்பில் காக்கையெல்லாம் பறந்தது. ராவுத்தர் தன் கடை வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் கண்ணால் கண்டேன். மாமனார் விடவில்லை. இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கிக்கொண்டு, தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு, ஆண்டாள் எதிரே நின்றார்.

நின்றபடியே, தலையை உள்ளே திருப்பாமல், பின்னால் இருந்தவரிடம் பேசினார்.

“பட்டாளத்தாரே, சன்னல் அடைக்குதுன்னு சொன்னீரு. அடைக்கப் பாத்துச்சு. வாஸ்தவம். அடைச்சுதா?”

பட்டாளத்தார் கதவைப் பார்த்தார்.

“கேக்கேன்ல? அடைச்சுதா?”

நான் சிவந்துபோன உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேல் ஓங்கியிருந்த அவர் கை அப்போதும் இறங்கவில்லை. அம்மா அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள்.

“அடைக்கலையே தம்பி” என்றாள்.

சொல்லியே விட்டாள். பட்டாளத்தார் படியிறங்கிப் போனார். வண்டியைக் கட்டச் சொல்லிக்கொண்டு அவர் மட்டும் போனார்.

குழவி

பேச்சு முடிந்தது, தேர் நகரவில்லை. மாமனார் எவ்வளவு நேரம்தான் பிடித்திருப்பார்? கீழேயிருந்து சுவரில் ஓர் ஏணி வந்து சாய்ந்தது. அதில் ஏறி வந்தவர் என் புருஷன். அதாவது, பிற்பாடு ஆனவர்.

புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். அவர் போய்ச் சேர்ந்தாயிற்று, இனி குறைய என்ன இருக்கிறது? பெயர் கோமதிநாயகம். அதே மூக்கு.

“என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். அப்பாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

“வாலு கனம் பத்தலை. ஏத்தத்துக்குக் கல்லு கட்டுறாப்ல எதையாச்சும் கட்டுங்க” என்றேன்.

மாமியார் அடுக்களைக்கு ஓடினாள். கைக்குக் கிடைத்தது அம்மிக் குழவி. அதைத்தான் கொண்டுவந்தாள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழவி ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிக்கு மேலே கயிற்றில் ஆடியது.

கயிற்றை வாலில் சுற்றிக்கொண்டே அவர் மெதுவாகக் கேட்டார், “கை வலிக்குதா?”

“உங்க அப்பா மூக்கு குத்திட்டு.”

“எனக்கும் அதே மூக்குதான். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன், பொறவு குத்துதுன்னு சொல்லக் கூடாது.”

நான் சிரித்துவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்த மாமனார், “ஏலே, பேச்சைக் கொறைச்சிட்டு முடிச்சைப் போடு! எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு” என்றார்.

முடிச்சு விழுந்தது. மாமனார் கையை எடுத்தார். தலை நிமிர்ந்தபடி நின்றது, கதவு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கூட்டம் ‘ஓ’வென்று கத்த, தேரும் நகர்ந்தது. அப்போதுதான் நான் ஆண்டாளைக் கை கூப்பிக் கும்பிட்டேன். முதுகைத்தான் பார்த்தேன். அதனால் என்ன, கும்பிட்டேன்.

ஆவணியில் கல்யாணம். அம்மி மிதிக்கும்போது குழவி இல்லாமல் வெறும் அம்மியைத்தான் மிதித்தேன். குழவி ஜன்னலில் இருந்தது. மாமியார் சாகும் வரைக்கும் இரவல் குழவியில் அரைத்தாள்.

ஆசாரி வேறு வால் அடித்துத் தருகிறேன் என்று பலமுறை வந்தார். மாமனார் சம்மதிக்கவில்லை. இன்னொன்றுக்கும் சம்மதிக்கவில்லை. பருத்தி நனையாமல் இருக்கத் தினமும் சாயங்காலம் தலையைக் கவிழ்த்து ஜன்னலை அடைக்க வேண்டும். வேலைக்காரர் யாராவது தொட்டால் கீழேயிருந்து சத்தம் வரும்.

“எலே, எவன்லே அது? என் தலையை என் மருமவளைத் தவிர எவனும் கவுக்கக் கூடாது!”

அதனால் சாயங்காலம்தோறும் நான்தான் மாடிக்குப் போவேன். காப்பு காய்த்த கையால் மாமனாரின் மூக்கைப் பிடிப்பேன். தலையைக் கவிழ்ப்பேன். அவர் கீழே கட்டிலில் படுத்துக்கொண்டு, “கவுத்துட்டியா தாயி?” என்பார். “கவுத்தாச்சு மாமா” என்பேன். எத்தனை வருஷம் இப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். சொன்னேனே, வருஷக் கணக்கு எனக்கு உதைக்கும்.

அவர் போய்ச் சேர்ந்ததும் ஓர் ஆடியில்தான். எடுத்துக்கொண்டு போய்விட்டு எல்லோரும் திரும்பி வந்தார்கள், குளித்தார்கள், பொழுது சாய்ந்தது. நான் பழக்கத்தில் மாடிக்குப் போய்விட்டேன். காற்று வீசிக்கொண்டிருந்தது. குழவி ஆடிக்கொண்டிருந்தது. கோணல் கண்ணும் கம்பளிப்பூச்சி மீசையுமாக அவர் நிமிர்ந்து நின்றார். கையை நீட்டினேன், மூக்கைப் பிடித்தேன். கவிழ்க்க முடியவில்லை.

கீழேயிருந்து என் புருஷன், “சாரல் அடிக்குது, பருத்தி மூட்டை நனையுமே. சன்னலை அடைச்சிட்டியா?” என்று கேட்டார்.

“நனைஞ்சா நனையட்டும்” என்று சொல்லிவிட்டேன்.